நினைவு இருக்கிறது, வேகம்தான் போய்விட்டது: காடாசில் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

ஈரோட்டிலிருந்து ஒரு பெண்மணி கேட்டிருந்தார்: "என் கணவருக்கு 51 வயது. மஞ்சள் மண்டி வைத்திருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் லேசாகப் பக்கவாதம் வந்து சரியாகிவிட்டது. எம்.ஆர்.ஐ., மரபணுச் சோதனை எல்லாம் பார்த்து காடாசில் என்று சொன்னார்கள். கை கால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கில் தடுமாறுகிறார். சொன்னால் ஒழிய எந்த வேலையும் எடுப்பதில்லை, டிவி முன்னால் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பழைய விஷயமெல்லாம் அத்துபடியாகச் சொல்கிறார். மாமனாரும் 58 வயதில் பக்கவாதத்தில் படுத்துத்தான் போனார். மாமியார் இவரைச் சோம்பேறி ஆகிவிட்டான் என்கிறார். இது அல்சைமரா? மாமன் பெண்ணான என்னைக் கட்டியதால் வந்ததா? பிள்ளைகளுக்கும் வருமா? மகளுக்கு 19, மகனுக்கு 15."

அம்மணி, உங்கள் மாமியார் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்த நோயில் குடும்பத்தை அதிகம் புண்படுத்துவது அந்த ஒரு சொல்தான். உங்கள் கணவர் சோம்பேறி ஆகவில்லை. ஒரு வேலையை ஆரம்பிக்கச் சொல்லி உந்துகிற மூளைப் பாதைகள் அவருக்குச் சேதமாகியிருக்கின்றன. நான் கோயமுத்தூரில் நரம்பியல் பிரிவில் நினைவாற்றல், சிந்தனைத்திறன் சோதனைகள் செய்கிறவன். உங்கள் கணவரை நேரில் பார்த்ததில்லை. நீங்கள் எழுதியதை வைத்தும் இந்த நோயைப் பற்றித் தெரிந்ததை வைத்தும்தான் சொல்கிறேன்.

காடாசில் மூளையின் சின்னஞ்சிறு ரத்தக்குழாய்களைப் பாதிக்கும் பரம்பரை நோய். 1993ல் இதற்கு இந்தப் பெயர் வந்தது, 1996ல் பாரிஸ் ஆராய்ச்சியாளர்கள் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். நாட்ச்-3 என்று பெயர், 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. சிறு தமனிகளின் சுவரில் உள்ள தசைச் செல்களுக்கு வேண்டிய ஒரு புரதத்தை அது உண்டாக்குகிறது. மரபணுவில் பிழை இருந்தால் அந்தப் புரதத்தின் வெளிப்பகுதி கரையாமல் சுவரிலேயே படிகிறது. வருடக்கணக்கில் படியப் படிய தசைச் செல்கள் மடிந்து, சுவர் தடித்து, உள்வழி குறுகிவிடுகிறது. நம் பக்கம் உப்புத் தண்ணீர் போர்வெல்லில் சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும்: மோட்டார் நன்றாக ஓடும், மெயின் பைப்பில் தண்ணீர் வரும், உப்புப் படிந்து அடைத்ததால் கடைசி வரிசைச் செடிக்கு மட்டும் சொட்டாது. கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன், இதய எக்கோ எல்லாம் நார்மல் என்று வந்தும் பக்கவாதம் வந்தது எப்படி என்று நீங்கள் குழம்பியிருந்தால், காரணம் இதுதான்.

இந்தக் குழாய்கள் ரத்தம் கொடுப்பது மூளையின் ஆழப் பகுதிக்கு. அங்கேதான் மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் வெள்ளை நரம்பிழைகள் ஓடுகின்றன. எம்.ஆர்.ஐ. படத்தில், நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியான பொட்டு மடலின் நுனியில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் நரம்பியல் மருத்துவருக்கு முதலில் நினைவுக்கு வருவது காடாசில். சிந்தனைத்திறனைப் பொறுத்தவரை அந்தத் திட்டுகளைவிட முக்கியம், சின்னச் சின்னப் பக்கவாதங்கள் விட்டுப்போன குழிகள். அவை எண்ணிக்கையில் கூடக் கூட யோசிக்கும் திறன் குறைவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஒவ்வொரு குழிக்கும் கை கால் விழுந்து அடையாளம் காட்டும் என்றும் இல்லை. பல குழிகள் சத்தமில்லாமல் விழுந்தவை.

முன்மூளை தன்னளவில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆழப் பகுதியோடு அதை இணைக்கும் பாதைகள் அறுந்துபோவதால் மூன்று விஷயங்கள் அடிபடுகின்றன: யோசனையின் வேகம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் லாவகம், தானாக ஒன்றை ஆரம்பிக்கும் உந்துதல். பக்கவாதம் வருவதற்கு முன்பே, நாற்பதுகளிலேயே, வேகக் குறைவு சோதனையில் தெரிந்துவிடுவதும் உண்டு.

உங்கள் மண்டியையே எடுத்துக்கொள்வோம். ஒரு விரலி மஞ்சளை ஒடித்து உள் நிறத்தைப் பார்த்து "இது முதல் தரம், இதில் ஈரம் இருக்கிறது" என்று உங்கள் கணவர் இன்றைக்கும் சரியாகச் சொல்வார் என்றே நினைக்கிறேன். அது முப்பது வருடம் கையிலும் கண்ணிலும் ஊறிய அறிவு, அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் அதே நேரத்தில் ஒரு வியாபாரி விலை கேட்கிறார், விவசாயி முன்பணம் கேட்டு நிற்கிறார், போன் அடிக்கிறது, லாரி வாடகையைக் கழித்துக் கமிஷன் போட வேண்டும், நேற்றைய விலையையும் மனதில் வைத்திருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் அவர் நின்றுபோகிறார். கூட்டல் மறக்கவில்லை. நடுவில் ஒருவர் பேசியதும் எந்த வரியில் விட்டோம் என்பது நழுவிவிடுகிறது. தனியாக, அமைதியாக, ஒரு தாளில் ஒரே ஒரு கணக்கைக் கொடுத்து நேரம் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகப் போடுவார். ஆனால் முன்பு இரண்டு நிமிடத்தில் முடித்ததற்குப் பத்து நிமிடம் ஆகும்.

அல்சைமரா என்று கேட்டீர்கள். உங்கள் விவரிப்பு அப்படி இல்லை. சோதனையில் இந்த வித்தியாசத்தை எப்படிப் பார்க்கிறோம் என்று சொல்கிறேன். ஒரு சொல் பட்டியலைப் படித்துக் காட்டிவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் திரும்பக் கேட்போம். காடாசில் உள்ளவர் மூன்று நான்கு சொல்லிவிட்டு நின்றுவிடுவார். "ஒரு காய்கறி இருந்ததே" என்று எடுத்துக் கொடுத்தால், "முருங்கைக்காய்" என்று சொல்லிவிடுவார். விஷயம் உள்ளே பதிந்திருக்கிறது, தேடி எடுப்பதில்தான் சிரமம். அல்சைமரில் எடுத்துக் கொடுத்தாலும் வராது, ஏனென்றால் பதியவே இல்லை. அதுபோல 1, அ, 2, ஆ, 3, இ என்று எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்கச் சொல்வோம். காடாசிலில் இந்தச் சோதனையில் நேரம் எக்கச்சக்கமாக நீளும். காடாசில் முற்றிய நிலையில் நினைவும் அடிபடும். 51 வயதில் பழையது அத்துபடியாக வருகிறது, ஆரம்பிக்கும் உந்துதல் இல்லை என்றால், அது இந்த நோய்க்கே உரிய சாயல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல இடங்களில் செய்யும் முப்பது மதிப்பெண் சுருக்கச் சோதனை, தேதி என்ன, ஊர் எது, மூன்று சொல் சொல்லுங்கள் என்கிற மாதிரியானது. அதில் உங்கள் கணவர் 28 வாங்கிவிடுவார், "மூளை நன்றாக இருக்கிறது" என்று அனுப்பிவிடுவார்கள். வேகத்தையும் திட்டமிடுதலையும் அது கிட்டத்தட்ட தொடுவதே இல்லை. மொகா என்ற சோதனை அதைவிடப் பரவாயில்லை, தமிழிலும் இருக்கிறது. முழு நரம்பு உளவியல் மதிப்பீடு கேட்டு வாங்குங்கள். வருடம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

சரி, டிவி முன்னால் உட்கார்ந்திருப்பது. மருத்துவத்தில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது, உந்துதலின்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2009ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் காடாசில் உள்ளவர்களில் பத்துக்கு நான்கு பேரிடம் இது இருந்தது. மனச்சோர்வும் இந்த நோயில் வரும், இரண்டும் சேர்ந்தும் வரும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மனச்சோர்வில் இருப்பவர் வருத்தப்படுவார், "என்னால் எல்லாருக்கும் பாரம்" என்பார், தூக்கம் போகும், சாப்பாடு இறங்காது. உந்துதல் இல்லாதவருக்கு வருத்தமே இருக்காது. சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், கூப்பிட்டால் வருவார், போனால் சந்தோஷமாகவும் இருப்பார். தானாகக் கிளம்ப மாட்டார், அவ்வளவுதான். எது என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம், மனச்சோர்வுக்கு மாத்திரை நன்றாகக் கேட்கும். அவர் பேச்சில் உயிர் மேல் வெறுப்பு தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். காரணமில்லாமல் சட்டென்று அழுகை பொங்கி அடங்கினால் அதையும் சொல்லுங்கள். அதுவும் மூளைப் பாதைகளால் வருவது, அதற்கும் மருந்து இருக்கிறது.

உந்துதலின்மைக்கு மாத்திரை பெரிதாக உதவுவதில்லை. வெளியிலிருந்து உந்திக் கொடுப்பதுதான் வழி. "ஏனுங்க, ஏதாவது வேலை பாருங்களேன்" என்றால் அவரால் எழ முடியாது, ஏனென்றால் எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பதே அவருக்கு மலை. "வாங்க, தோட்டத்துக்குப் போய் மோட்டார் போட்டுட்டு வரலாம்" என்று செருப்பை எடுத்து வைத்தால் கிளம்பிவிடுவார். முதல் அடி நீங்கள், இரண்டாவது அடியிலிருந்து அவர். எந்த வேலை எந்த மணிக்கு என்று நாளின் அமைப்பு தினமும் ஒரே மாதிரி இருக்கட்டும். தினசரிக் காலண்டர் தாளிலேயே அன்றைய இரண்டு மூன்று வேலைகளை எழுதி, முடிந்ததை அவரையே அடிக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருங்கள். நாம் அவசரப்பட்டு நாமே பதில் சொல்லிவிடுகிறோம், அப்புறம் அவர் பேசுவதையே விட்டுவிடுகிறார். முக்கியமாகப் பேசும்போது டிவியை அணைத்துவிடுங்கள்.

மண்டிக்கு அவர் போவதை நிறுத்தாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. தரம் பார்ப்பதையும் பழைய விவசாயிகளோடு பேசுவதையும் அவரிடமே விடுங்கள். பட்டுவாடா, பில், செக் ஆகியவற்றை நம்பகமான இன்னொருவர் பார்க்கட்டும். வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றி, குறிப்பிட்ட தொகைக்கு மேல் இரண்டு கையெழுத்து வேண்டும் என்று செய்துகொள்ளலாம். சொத்து, உயில் போன்றவற்றை அவருக்குப் புரிந்து முடிவெடுக்கும் தெளிவு இருக்கும் இப்போதே அவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். பிறகு செய்தால் அவர் விருப்பம் என்ன என்று யாருக்கும் தெரியாது, பங்காளிச் சண்டையும் மிஞ்சும். பைக் ஓட்டுவதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சிந்தனை வேகம் குறைந்தவருக்குப் பெருந்துறை ரோட்டு நெரிசல் ஆபத்து.

மருந்து விஷயம். நோயையே நிறுத்தும் மருந்து இன்றைக்கு இல்லை. அல்சைமருக்குக் கொடுக்கும் டோனெபிசில் மாத்திரையை 168 காடாசில் நோயாளிகளிடம் 18 வாரம் சோதித்து 2008ல் முடிவு வெளியிட்டார்கள். முக்கிய அளவுகோலில் பலன் இல்லை, திட்டமிடுதல் சார்ந்த சில சோதனைகளில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம். எனவே அதை எழுதித் தரவில்லையே என்று நீங்கள் குறைப்பட வேண்டியதில்லை. மூளைக்குச் சத்து என்று விற்கும் ஊசி, டானிக்குகளுக்கும் இந்த நோயில் ஆதாரம் கிடையாது. அந்தப் பணத்தை நல்ல பிசியோதெரபிக்குச் செலவிடுங்கள்.

ஆனால் நோயின் வேகம் ஓரளவு நம் கையில் இருக்கிறது. புகைபிடிக்கும் காடாசில் நோயாளிகளுக்குப் பக்கவாதம் முன்கூட்டியே வருகிறது. பீடியோ சிகரெட்டோ, ஒன்றுகூட வேண்டாம். ரத்த அழுத்தத்தை வீட்டிலேயே பார்த்து எழுதி வையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றிலும் கையை இழுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வேண்டும். பி12, தைராய்டு, தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நிற்பது ஆகிய மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். இவை தனியாகவே யோசனையை மந்தமாக்கும், சரிசெய்யவும் முடியும். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் விடக்கூடாது. கோயிலுக்கு விரதம் இருந்தாலும் தண்ணீரும் மாத்திரையும் விரதத்தில் சேராது என்று வீட்டில் பேசி வையுங்கள். ஒரே நாளில் குழப்பம் கூடினாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, காலையில் பார்க்கலாம் என்று விடாமல் 108ஐ அழையுங்கள்.

இனி சொந்தத்தில் கட்டியது. இதற்கும் காடாசிலுக்கும் சம்பந்தம் இல்லை. அப்பா அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து பிழையுள்ள ஒரே ஒரு பிரதி வந்தால் போதும், நோய் வரும். இரண்டு பக்கமும் சேர வேண்டியதில்லை. இதே மாதிரி இன்னொரு நோய் இருக்கிறது, காராசில் என்று. அதுதான் இரண்டு பக்கமிருந்தும் பிழை வந்தால் வருவது, இளவயதிலேயே முடி கொட்டும், முதுகுவலி வரும். அங்கே சொந்தத் திருமணம் ஒரு காரணம் ஆகலாம். உங்கள் கணவருக்கு இருப்பது அது இல்லை.

இருந்தாலும் மாமன் பெண் என்று சொன்னதால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிழை உங்கள் கணவருக்கு எந்தப் பக்கமிருந்து வந்தது? அவருடைய அம்மா வழியாக வந்திருந்தால், அந்த அம்மாவின் அண்ணனோ தம்பியோ ஆன உங்கள் அப்பாவுக்கும் இருக்க வாய்ப்பு உண்டு, உங்களுக்கும் உண்டு. நீங்கள் எழுதியதில் மாமனார்தான் 58 வயதில் பக்கவாதத்தில் போயிருக்கிறார். மாமியார் திடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். ஆகவே மாமனார் பக்கம்தான் என்று தோன்றுகிறது. உங்கள் பிறந்த வீட்டில் யாருக்கும் இளவயதுப் பக்கவாதமோ, கண்ணில் மின்னல் வெட்டி வரும் ஒற்றைத் தலைவலியோ இருந்ததா என்று மட்டும் விசாரித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் மாமியாரிடம் இன்னொன்றும் கேளுங்கள். மாமா படுப்பதற்குச் சில வருடம் முன்னாலேயே பேச்சு குறைந்து, திண்ணையில் உட்கார்ந்தால் எழாமல் இருந்தாரா என்று. இந்தக் குடும்பங்களில் அப்படி ஒரு காலம் இருந்திருக்கும், "வயசாச்சு" என்று கடந்துபோயிருப்பார்கள். அதை அவரே நினைத்துப் பார்த்துச் சொன்னால், மகனைப் பார்க்கும் பார்வை மாறும். நான் எத்தனை விளக்கினாலும் அந்த அளவுக்கு எடுபடாது. கணவரின் உடன்பிறந்தவர்களுக்கும் விஷயம் தெரிய வேண்டும். அவர்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது.

பிள்ளைகள் விஷயத்திலும் அதே கணக்குத்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீதம், ஆண் பெண் வித்தியாசம் இல்லை. ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு இருக்காது என்றும் இல்லை. 15 வயது மகனுக்கு இப்போது சோதனை செய்யக் கூடாது. அறிகுறி இல்லாத சிறுவர்களுக்கு, சிகிச்சை இல்லாத நோய்க்கு மரபணுச் சோதனை செய்வதில்லை என்பதுதான் உலகம் முழுக்க உள்ள நடைமுறை. பெரியவன் ஆனதும் அவன் முடிவு. 19 வயது மகள் தானே முடிவெடுக்கலாம். அவளுக்குத் தெரியாமல் வேறு ரத்தப் பரிசோதனை என்று சொல்லி எடுக்க நினைக்காதீர்கள். சில வீடுகளில் வரன் பார்க்கும் நேரத்தில் அந்த யோசனை வருகிறது, வரவே கூடாது. பிழை இருக்கிறது என்று தெரிந்தாலும் எந்த வயதில், எவ்வளவு கடுமையாக என்று சோதனை சொல்லாது. ஒரே வீட்டில் ஒரே பிழை உள்ள இருவருக்குள்ளேயே நிறைய வித்தியாசம் வரும். எனவே சோதனைக்கு முன்னால் மரபியல் ஆலோசகரிடம் அவள் பேச வேண்டும். வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிமான்ஸ் ஆகிய இடங்களில் அந்த வசதி இருக்கிறது. அவளை அத்தை மகனுக்குக் கொடுக்கும் பேச்சு வீட்டில் இருந்தால், அதற்கு முன் இந்த ஆலோசனை கட்டாயம் வேண்டும். உங்கள் கணவரின் தங்கைக்கும் பிழை இருந்தால் அந்தப் பையனுக்கும் இருக்கலாம், இரண்டு பக்கமும் சேர்ந்துகொள்ளும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 நாள்பட்ட நரம்பியல் நோய்களையும் சேர்த்திருக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று மருத்துவக் குழு சான்றளித்தால் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். கை கால் நன்றாக இருப்பதால் தர மாட்டார்கள் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். முழு மதிப்பீட்டு அறிக்கை கையில் இருந்தால் பேச வசதியாக இருக்கும்.

கடைசியாக, ஒரு சின்ன அட்டையில் எழுதி அவர் சட்டைப் பையில் வையுங்கள்: காடாசில் நோயாளி, நாட்ச்-3 பிழை உறுதியானது, சாப்பிடும் மாத்திரைகள், உங்கள் போன் எண். அதோடு இதையும் சேருங்கள்: ஒற்றைத் தலைவலிக்கு ரத்தக்குழாயைச் சுருக்கும் டிரிப்டான் வகை மருந்து வேண்டாம், கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு எடுக்கும் மூளை ஆஞ்சியோ அவசியமில்லாமல் வேண்டாம், அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ரத்த அழுத்தம் இறங்கவும் கூடாது, உடம்பில் நீர் வற்றவும் கூடாது. அவசரத்தில் எந்த ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள் என்று தெரியாது. இந்த நோயைப் பார்த்திராத மருத்துவரும் அந்த அட்டையைப் படித்தால் உங்கள் நரம்பியல் மருத்துவருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்வார், அதனால் அவர் எண்ணையும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.